ஓங் கிம் செங்கின் நீர்வண்ணத் தெருக்காட்சிகள்: பொழுதும் பிரிவும் நிலையாமையும் (திணைக் கோட்பாட்டு நோக்கு)

ஆய்வுச்சுருக்கம்

சிங்கப்பூரின் ஆற்றங்கரை, கடைவீட்டுத் தெருக்கள், பின்சந்துகள் ஆகியவற்றை நீர்வண்ணத்தில் தீட்டிவருபவர் ஓங் கிம் செங். அவருடைய தெருக்காட்சிகள் பெரும்பாலும் 'மறைந்த பழமையின் நினைவு' என்ற அளவிலேயே பேசப்படுகின்றன. ஓவியம் தீட்டப்பெற்ற காலத்து உணர்வையும், பிற்காலத்தில் அதைக் காண்போர் கொள்ளும் உணர்வையும் இவ்வாசிப்பு ஒன்றாக்கிவிடுகிறது. தமிழ்ப் பொருளிலக்கணம் தரும் முதல், கரு, உரி என்னும் பகுப்பைக் கருவியாகக் கொண்டு, இவ்விரண்டையும் பிரித்தறிய இக்கட்டுரை முயல்கிறது. இவ்வோவியங்களின் முதற்பொருளில் சிறுபொழுதே ஆட்சி செய்கிறது என்பதும், அவற்றில் இன்று உணரப்படும் பிரிவு என்னும் உரிப்பொருள் வரலாற்றால் பின்னர் வந்து சேர்ந்தது என்பதும் இக்கட்டுரையின் முடிபுகள்.

திறவுச்சொற்கள்: நீர்வண்ணம், தெருக்காட்சி, சிங்கப்பூர் ஆறு, சிறுபொழுது, உரிப்பொருள், காஞ்சி, நிலையாமை.

1. முன்னுரை

ஓவியம் பற்றிய செய்திகள் தமிழ் இலக்கியத்தில் மிகுதி. மதுரைக்காஞ்சி ஓவியரைக் 'கண்ணுள் வினைஞர்' என்கிறது. காண்பவர் கண்ணுக்குள் தம் தொழிலை நிறுத்துபவர் என்று இத்தொடருக்கு உரைகாரர் வழிநின்று பொருள் கொள்ளலாம். நெடுநல்வாடை, வண்ணம் இடப்பெறாத கோட்டோவியத்தைப் 'புனையா ஓவியம்' என்று பிரித்தறிகிறது. கலைச்சொற்கள் இவ்வளவு இருந்தும், தமிழ்த்துறை ஆய்வுகள் ஓவியத்தை இலக்கியத்துள் இடம்பெறும் செய்தியாகக் கொண்ட அளவிற்கு, இலக்கியக் கோட்பாட்டைக் கொண்டு ஓவியத்தை வாசிக்க முற்படவில்லை. அத்தகைய வாசிப்பிற்கு இக்கட்டுரை ஒரு முயற்சி.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட ஓவியர் தமிழ் நிலத்தைச் சார்ந்தவர் அல்லர். அவருடைய தெருக்கள் சிங்கப்பூரின் தெருக்கள். அவற்றுள் சிலவற்றில் தமிழர் வாழ்வும் உண்டு. எனினும் அத்தொடர்பைக் கொண்டு ஓவியங்களைத் தமிழுக்கு உரிமையாக்குவது இக்கட்டுரையின் நோக்கம் அன்று. நிலம், பொழுது, உணர்வு ஆகிய மூன்றும் ஒன்றையொன்று சார்ந்து நிற்கும் முறையை விளக்கும் கோட்பாடு நம்மிடம் உள்ளது. அது பிற நிலத்துக் கலைப்படைப்பின் முன் எவ்வளவு தூரம் பயன்படும், எங்கே நின்றுவிடும் என்று காண்பதே நோக்கம். அச்சிலும் காட்சிக்கூடங்கள் வழியாகவும் பொதுப்பார்வைக்கு வந்த ஆற்றங்கரைக் காட்சிகளும் கடைவீட்டுத் தெருக்காட்சிகளும் இவ்வாய்வின் எல்லை. அவர் நேபாளத்திலும் பாலியிலும் தீட்டியவை இங்கு எடுத்துக்கொள்ளப்பெறவில்லை.

2. ஓவியரும் அவர் வந்த வழியும்

ஓங் கிம் செங் 1945ஆம் ஆண்டு சிங்கப்பூரில் பிறந்தவர். ஓவியக் கல்லூரியில் முறையாகப் பயிலாதவர். தாமே கற்றுத் தேர்ந்தவர். வேறு பணிகளில் இருந்துகொண்டே தீட்டிவந்து, 1985 முதல் முழுநேர ஓவியரானார். சிங்கப்பூரின் உயரிய கலை விருதாகிய கலாசாரப் பதக்கம் 1990இல் அவருக்கு வழங்கப்பெற்றது. அமெரிக்க நீர்வண்ண ஓவியர் சங்கத்தின் உறுப்பினர் என்னும் ஏற்பும் பெற்றவர்.

சிங்கப்பூரில் நீர்வண்ணம் ஊன்றிய வழி ஒன்றல்ல. பிரித்தானிய ஆட்சிக்காலப் பள்ளிகளின் ஓவியப் பாடத்தோடு வந்த ஆங்கிலேய மரபு ஒருபுறம். மையையும் நீரையும் கையாளும் சீனத் தூரிகை மரபு மறுபுறம். இவ்விரண்டும் கூடிய தலைமுறையின் முதன்மையானவர் லிம் செங் ஹோ (1912–1979). சீனாவின் அமோய் நகரில் பிறந்து சிறுவயதில் சிங்கப்பூருக்கு வந்த அவர், அலுவலகத்தில் எழுத்தராகப் பணிசெய்து, ஓய்வு நாள்களில் ஆற்றங்கரையில் அமர்ந்து தீட்டியவர். ஞாயிறுதோறும் ஆற்றங்கரையில் கூடிய ஓவியர்களின் பழக்கமே, 1969இல் சிங்கப்பூர் நீர்வண்ண ஓவியர் சங்கம் தோன்றுவதற்குப் பின்னணியாயிற்று. ஓங் கிம் செங் இவ்வழியில் வந்தவர். பின்னாளில் அச்சங்கத்தின் தலைவராகவும் இருந்தவர்.

இவ்வரலாற்றில் ஆய்வுக்கு இன்றியமையாத செய்தி ஒன்றுண்டு. இம்மரபினர் ஓவியக்கூடத்தில் இருந்து நினைவால் தீட்டியவர் அல்லர். இடத்திற்குச் சென்று, அங்கிருந்து கண்டு தீட்டியவர்கள். பிழைப்பு வேறாகவும் ஓவியம் ஓய்வுநாள் வேலையாகவும் இருந்ததால், அவர்களுக்குக் கிடைத்தது ஒரு காலைப்பொழுது அல்லது ஒரு மாலைப்பொழுது. சில மணி நேரத்தில் முடிக்கத்தக்க வண்ணமாக நீர்வண்ணமே அவர்களுக்குப் பொருந்தியது. ஊடகத்தின் தேர்விலேயே பொழுது நுழைந்துவிடுகிறது.

3. முதற்பொருள்: பெரும்பொழுது இல்லாத நிலம்

நிலமும் பொழுதும் முதற்பொருள் எனப்படும். பொழுதைப் பெரும்பொழுது, சிறுபொழுது என இரண்டாகப் பகுத்து, முல்லைக்குக் காரும் மாலையும், குறிஞ்சிக்குக் கூதிரும் யாமமும், பாலைக்கு வேனிலும் நண்பகலும் எனத் திணைதோறும் உரிமை கூறுகிறது தொல்காப்பியம். இப்பகுப்பு பருவங்கள் தெளிவாக மாறிவரும் நிலத்தில் பிறந்தது. சிங்கப்பூர் நிலநடுக்கோட்டிற்கு ஏறத்தாழ 137 கிலோமீட்டர் வடக்கே உள்ளது. அங்கே பருவக்காற்றுகள் மாறும். மழை கூடும், குறையும். ஆயினும் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்னும் ஆறு பருவங்களாக ஆண்டு பிரிவதில்லை. பகலின் நீளமும் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒன்றே. ஐரோப்பிய நிலக்காட்சி ஓவியம் பெரிதும் சார்ந்து நிற்கும் இலையுதிர்வும் பனியும் இந்நிலத்து ஓவியருக்கு இல்லை.

பெரும்பொழுது விலகிய இடத்தில் காலத்தைக் காட்டும் பொறுப்பு முழுவதும் சிறுபொழுதின்மேல் விழுகிறது. ஓங் கிம் செங்கின் தெருக்காட்சிகளில் இதனைத் தெளிவாகக் காணலாம். கதிரவன் உச்சியில் நிற்கும் நண்பகலில் நிழல் காலடியில் சுருங்கிவிடும். சுவரின் புடைப்பும் பள்ளமும் தட்டையாகிவிடும். காலையிலும் பிற்பகலிலும் சாய்ந்து விழும் ஒளி, தெருவின் ஒருபுறத்தை வெளுப்பாக்கி, எதிர்ப்புறத்தைக் கருநிழலில் ஆழ்த்தும். அவருடைய ஓவியங்களின் வலிமை இவ்வொளிநிழல் எதிர்வில்தான் உள்ளது. நீர்வண்ணத்தில் ஒளியும் நிழலும் பற்றி அவர் தனி நூலே எழுதியிருப்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

ஊடகத்தின் இயல்பு இதற்குத் துணைநிற்கிறது. எண்ணெய்வண்ணத்தில் இருளின்மேல் வெள்ளை வண்ணத்தைப் பூசி ஒளியை உண்டாக்கலாம். ஒளி ஊடுருவும் நீர்வண்ணத்தில் அவ்வாறு செய்வதற்கில்லை. அங்கே ஒளி என்பது தீட்டாமல் விடப்பெற்ற தாளின் வெண்மை. எந்த இடம் வெயிலாக நிற்க வேண்டுமோ அந்த இடத்தை முதலிலேயே ஒதுக்கி, வெளிறிய பூச்சில் தொடங்கி அடர்ந்த பூச்சில் முடிக்க வேண்டும். முன்பூச்சு ஈரமாக இருக்கும்போதே அடுத்த வண்ணத்தை விட்டால் இரண்டும் கரைந்து கலக்கும். உலர்ந்தபின் தீட்டினால் விளிம்பு கூர்மையாக நிற்கும். சிங்கப்பூரின் ஈரக்காற்றில் பூச்சு விரைவில் உலராது. திடீர் மழையும் வரும். இதற்கிடையே கதிரவன் நகர்ந்து நிழலின் இடம் மாறிவிடும். எனவே ஓவியர் ஒரு நொடியின் நிழலைத் தேர்ந்து அதையே கடைசிவரை பற்றிநிற்க வேண்டியிருக்கிறது. இந்தத் தெரு எப்போதும் இப்படி இருந்தது என்று அவ்வோவியம் கூறவில்லை. இந்தப் பொழுதில் இப்படி இருந்தது என்றே கூறுகிறது.

4. கருப்பொருள்: ஐந்தடிப்பாதையும் அதன் நிழலும்

தெய்வம், உணவு, பறை, தொழில் என நிலத்தில் தோன்றி நிலத்தை அடையாளப்படுத்துவன கருப்பொருள். சிங்கப்பூர்த் தெருவின் கருப்பொருள்களுள் தலையாயது கடைவீடு. கீழ்த்தளத்தில் வாணிகம், மேல்தளத்தில் குடியிருப்பு என்பது அதன் அமைப்பு. 1822ஆம் ஆண்டின் நகரத் திட்டத்தின்போது ஸ்டாம்ஃபோர்ட் ராஃபிள்ஸ், வீடுகளின் முன்புறம் தொடர்ச்சியான, கூரையுடைய நடைவழி அமைய வேண்டும் என்று அறிவுறுத்தினார். வெயிலுக்கும் மழைக்கும் காப்பாகிய அவ்வழியே ஐந்தடிப்பாதை எனப் பெயர் பெற்றது.

இக்கட்டட அமைப்பு ஓவியத்தின் அமைப்பையே வகுத்துவிடுகிறது. மேல்தளச் சுவர், சாளரக் கதவுகள், மூங்கில் கழிகளில் உலரும் துணிகள் ஆகியன வெயிலில் நிற்கின்றன. அதன்கீழே ஐந்தடிப்பாதையின் இருள் படுக்கைப் பட்டையாக ஓடுகிறது. அதற்கும் கீழே, மீண்டும் வெயிலில், தெருத்தரை. வெளிச்சம், இருள், வெளிச்சம் என மூன்று அடுக்காக அமைந்த இப்பரப்பில் மாந்தர் பெரும்பாலும் இருளும் வெளிச்சமும் சந்திக்கும் விளிம்பில் இடம்பெறுகின்றனர். கடையின் உள்ளே இருப்பவர் இருளில் கரைந்து பாதியாகத் தோன்றுகிறார். தெருவிற்கு இறங்குபவர் தோளில் ஒரு கீற்று வெண்மை பெறுகிறார். ஐந்தடிப்பாதை வீட்டிற்கும் தெருவிற்கும் இடைப்பட்ட இடம். முடிதிருத்துவோரும் செருப்புத் தைப்போரும் உணவு விற்போரும் பிழைப்பு நடத்திய இடம். அந்த இடைநிலையை ஓவியம் விளக்கிச் சொல்வதில்லை. அரைநிழலில் மாந்தரை நிறுத்துவதன் மூலமே உணர்த்திவிடுகிறது.

ஆற்றங்கரைக் காட்சிகளின் கருப்பொருள் வேறு. துறைமுகத்தில் நின்ற கப்பல்களிலிருந்து கரைக்குச் சரக்கு ஏற்றிவந்த தொங்கான் முதலிய சரக்குப் படகுகள், கிடங்குகள், படகுக்கும் கரைக்கும் இடையே போடப்பெற்ற ஒடுங்கிய பலகை, அதன்மேல் மூட்டை சுமப்போர் ஆகியவை ஆற்றின் அன்றாடம். நீர்ப்பரப்பில் படகின் நிழலும் வானின் வெளிச்சமும் கலந்து அசையும் தன்மையை, ஈரத்தின்மேல் ஈரம் இடும் முறை இயல்பாகவே ஏற்றுக்கொள்கிறது. லிம் செங் ஹோ தலைமுறையினர் முதல் ஓங் கிம் செங் வரை நீர்வண்ண ஓவியர் அனைவரையும் இவ்வாறு ஈர்த்ததற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

5. முகமின்மையும் பெயர் சுட்டாமையும்

இத்தெருக்காட்சிகளைக் காண்போர் உடனே உணர்வது, மாந்தர்க்கு முகம் இல்லை என்பதாகும். தூரிகையின் இரண்டு மூன்று தொடுகைகளில் ஓர் உருவம் முடிந்துவிடுகிறது. வளைந்த முதுகு சுமை தூக்குபவரைக் குறிக்கிறது. சாய்ந்த தோள் கூடை ஏந்தியவரைக் குறிக்கிறது. கண்ணும் மூக்கும் இல்லை.

இதனைக் குறையாகக் கொள்வதா, மரபாகக் கொள்வதா? அகத்திணை மாந்தரின் இயற்பெயரைச் சுட்டலாகாது என்பது தொல்காப்பிய விதி. பெயர் வந்தவுடன் பாடல் ஒருவரது வரலாறாகிப் புறமாகிவிடும். பெயர் இல்லாதவரை அது எவர்க்கும் பொருந்தும். தெருக்காட்சி ஓவியத்தின் முகமின்மையும் இதனை ஒத்த பணியைச் செய்கிறது. முகம் வந்தால் அது உருவப்படமாகி, காண்பவரின் கண் அங்கேயே நின்றுவிடும். முகம் இல்லாதபோது கண் தெரு முழுவதும் உலவுகிறது. மாந்தர் பொழுதின் பகுதியாகின்றனர்.

இவ்வொப்புமைக்கு எல்லையும் உண்டு. அகப்பாடலில் பெயரற்றவர்க்குக் குரல் உண்டு. தலைவியும் தோழியும் தம் நெஞ்சத்தைத் தாமே பேசுகின்றனர். ஓவியத்துச் சுமைதூக்கி பேசுவதில்லை. அவருக்குப் பெயரும் இல்லை, முகமும் இல்லை, கூற்றும் இல்லை. ஆற்றுப்படகுகளின் முகப்பில் கண் தீட்டும் சீன மரபு இருந்ததை இங்கு எண்ணிப்பார்க்கலாம். வழியைக் காண வேண்டும் என்று படகிற்குக் கண் தீட்டினர்; அப்படகில் உழைத்தவருக்கு ஓவியத்தில் கண் இல்லை. பெயர் சுட்டாமை என்னும் மரபைக் கொண்டு இவ்விடைவெளியை முழுவதும் நியாயப்படுத்த இயலாது என்பதே இவ்வாய்வின் கருத்து.

தமிழர் தொடர்பான உண்மை ஒன்றும் இங்கே பொருந்துகிறது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சிங்கப்பூர் ஆற்றின் சரக்குப் படகுகளை ஓட்டியவர்களுள் பெரும்பாலோர் சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற சூலியா எனப்பட்ட முஸ்லிம்கள். அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் அத்தொழில் ஹொக்கியன், தியோச்சூ சீனர் கைக்கு மாறியது. நீர்வண்ண ஓவியர்கள் கரையில் வந்து அமர்ந்தபோது தமிழ்ப் படகோட்டிகள் ஆற்றைவிட்டு அகன்று நெடுங்காலம் ஆகியிருந்தது. எனவே ஆற்றோவியங்களில் அவர்களைத் தேடுவது பொருந்தாது. ஆற்றுக்கு அண்மையில் உள்ள சூலியா தெருவின் பெயரில் மட்டும் அவர்கள் எஞ்சி நிற்கின்றனர். ஓவியத்தில் இல்லாத முகமும், தெருப்பெயராக மட்டும் எஞ்சிய சமூகமும் ஒரே கேள்வியை எழுப்புகின்றன: உழைத்தவர் மறைந்தபின் இடம் யாரை நினைவிற்கொள்கிறது?

6. உரிப்பொருள்: பின்னர் வந்து சேர்ந்த பிரிவு

இவ்வோவியங்கள் ஏக்கத்தின் வெளிப்பாடு என்னும் கருத்தைச் சோதிக்க, ஓவியங்களைச் சூழ்ந்த நிகழ்வுகளைக் காலவரிசையில் நிறுத்துவது தேவை. 1968–69இல் சிங்கப்பூர் முழுவதும் தெருவோர உணவு வணிகர்கள் கணக்கெடுக்கப்பெற்றனர். 1970களின் தொடக்கம் முதல் 1986 வரை அவர்கள் படிப்படியாக உணவங்காடி நிலையங்களுக்குள் இடம் மாற்றப்பெற்றனர். 1977இல் சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் வடிநிலத்தையும் தூய்மைப்படுத்தும் பத்தாண்டுத் திட்டம் தொடங்கி, 1987இல் நிறைவெய்தியது. 1983இல் ஏறத்தாழ 800 சரக்குப் படகுகள் ஆற்றைவிட்டுப் பாசிர் பாஞ்சாங் பகுதிக்கு அனுப்பப்பெற்றன. 1989இல் சைனாடவுன், லிட்டில் இந்தியா, கம்போங் கிளாம், போட் கீ முதலிய பகுதிகள் பாதுகாப்புப் பகுதிகளாக அறிவிக்கப்பெற்றன. கடைவீடுகள் இடிபடாமல் நின்றன. ஆனால் அவற்றுள் பலவற்றில் வாழ்ந்தவர்களும் அவர்தம் தொழில்களும் மாறிவிட்டன.

இம்மாற்றங்கள் நிகழ்வதற்கு முன்னும், நிகழும்போதும், பின்னும் என மூன்று நிலைகளில் நீர்வண்ணத் தெருக்காட்சிகள் தீட்டப்பெற்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆற்றங்கரையில் அமர்ந்து படகுகளைத் தீட்டிய முன்தலைமுறை ஓவியருக்கு அப்படகுகள் பழமை அல்ல. கண்முன் நின்ற நிகழ்காலம். மறுவாரம் சென்றாலும் அவை அங்கே இருக்கும். அந்த ஓவியத்தின் உணர்வைத் திணைமொழியில் கூறுவதானால் அது 'இருத்தல்' எனலாம். காலை ஒளியில் வேலை நடக்கிறது. ஓவியரும் அங்கே இருக்கிறார். அவ்வளவே. 1983க்குப் பின் அதே ஓவியத்தின் முன் நிற்பவருக்கு உணர்வு மாறிவிடுகிறது. தாளில் ஒரு பூச்சும் மாறவில்லை. ஆனால் ஆற்றில் படகு இல்லை. இருத்தலாக இருந்தது பிரிவாக வாசிக்கப்படுகிறது.

திணைக் கோட்பாட்டில் முதலும் கருவும் உரிப்பொருளுக்குப் பின்புலமாகும். நிலமும் பொழுதும் வேறு திணைக்கு உரியனவாக வந்து மயங்கலாம். உரிப்பொருள் மயங்காது என்பது பொது விதி. இவ்வோவியங்களில் நிகழ்ந்திருப்பது இதற்கு நேர்மாறு. முதலும் கருவும் தாளில் மாறாமல் நிற்கின்றன, உரிப்பொருள் மாறுகிறது. கோட்பாடு இங்கே தோல்வியுறுகிறதா என்றால், இல்லை. பாடலில் உரிப்பொருளைக் கூற்று உறுதிசெய்கிறது. மாந்தர் பேசுவதால் அது நிலைபெறுகிறது. கூற்று இல்லாத ஓவியத்தில் உரிப்பொருளை நிலைநிறுத்துவார் இல்லை. அதனால் அது காண்பவரின் காலத்தோடு சேர்ந்து நகர்கிறது. முன்பகுதியில் கண்ட குரலின்மையின் விளைவு இது. ஓவியத்திற்கும் பாடலுக்கும் உள்ள அடிப்படை வேறுபாட்டை இவ்விடத்தில் கோட்பாடே நமக்குக் காட்டித்தருகிறது.

ஓங் கிம் செங் இவ்வரலாற்றின் நடுவே நிற்பவர். ஆறு மாறுவதற்கு முன்னரே தீட்டத் தொடங்கி, மாறியபின்னும் தீட்டிவருபவர். ஆதலின் அவர் படைப்புகளை ஒரே உணர்வின்கீழ் அடக்குவது பிழை. முற்காலக் காட்சிகளில் பழுதடைந்த சுவரும் காரை உதிர்ந்த தூணும் அன்றாட உண்மையாக இடம்பெறுகின்றன. பிற்காலத்தில் அதே பழுது தேடிச்சென்று காணப்படுவதாகிறது. சீரமைக்கப்பெற்ற முகப்புகளுக்கிடையே ஒரு பின்சந்தில் எஞ்சிய பழஞ்சுவரை ஓவியர் தேர்ந்துகொள்கிறார். வரையப்பெற்ற பொருள் ஒன்றாயினும் ஒன்று கண்டது, மற்றொன்று தேடியது. ஓவியத்தின் ஆண்டைக் கேளாமல் அதன் உரிப்பொருளைக் கூறுவது, கூற்று யாருடையது என்று அறியாமல் பாடலுக்குத் துறை வகுப்பதற்கு ஒப்பாகும்.

7. தெருவும் நிலையாமையும்: மதுரைக்காஞ்சி தரும் ஒளி

தெருவின் ஆரவாரத்தையும் நிலையாமையையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் பார்வை தமிழ் மரபிற்குப் புதிதன்று. பத்துப்பாட்டில் மிக நீண்டது மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி; 782 அடிகளால் ஆனது. நாளங்காடி, அல்லங்காடி, தொழில்வினைஞர், விற்போர், வாங்குவோர் என மதுரைத் தெருக்களின் பகலையும் இரவையும் பொழுது பொழுதாக விரித்துரைப்பது. சங்க இலக்கியத்தில் நகரத்தெருவின் விரிவான காட்சிகளுள் ஒன்றாகிய அப்பாடல், தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனுக்கு நிலையாமையை எடுத்துரைக்கும் காஞ்சியாகவும் இருக்கிறது. இத்தனை உயிர்ப்புள்ள தெருவை அவன் கண்முன் நிறுத்துவதும், உலகின் நிலையாமையை உணர்த்துவதும் புலவருக்கு ஒரே பணியின் இரு கூறுகள்.

இதனோடு ஒப்பிடும்போது இரண்டு வேறுபாடுகள் புலப்படுகின்றன. முதலாவது, புலவர் பொழுதுகளின் வழியே நடக்கிறார். ஓவியர் ஒரு பொழுதில் நின்றுவிடுகிறார். இரண்டாவது, மதுரைக்காஞ்சியில் நிலையாமையைப் புலவரே கூறுகிறார். அது பாட்டின் பொருள். சிங்கப்பூர்த் தெருக்காட்சிகளில் அதை ஓவியர் கூறவில்லை, நகரம் கூறிற்று. இடிப்பும் இடமாற்றமும் ஓவியத்திற்கு வெளியே நிகழ்ந்து, ஓவியத்தின் பொருளைக் காஞ்சியாக்கின.

ஊடகத்திற்குள்ளும் ஒரு நிலையாமை உண்டு. நீர்வண்ணங்களுள் பல ஒளிபட்டு மங்கும் இயல்பின. அதனால் காட்சிக்கூடங்கள் தாளோவியங்களை 50 லக்ஸ் அளவிலான மங்கிய ஒளியில் வைப்பதும், குறிப்பிட்ட காலத்திற்குப் பின் எடுத்து இருட்டறையில் ஓய்வளிப்பதும் வழக்கம். வெயிலைப் பிடித்துவைத்த ஓவியம் வெயிலைத் தாங்காது.

8. எதிர்வாதமும் அதன் மறுமொழியும்

இத்தகைய ஓவியங்கள் வறுமையை அழகாக்குகின்றன என்னும் எதிர்வாதம் புறக்கணிக்கத்தக்கது அன்று. தூய்மைப்படுத்துவதற்கு முன் சிங்கப்பூர் ஆறு கழிவுநீரும் குப்பையும் கலந்து நாறிய ஆறு. அத்திட்டத்தால் ஏறத்தாழ 5,000 தெருவணிகரும் பல்லாயிரம் குடும்பங்களும் இடம் பெயர்ந்தனர். அவர்களுள் பலருக்கு நல்ல குடிநீரும் கழிவறையும் அதன்பின்னரே வாய்த்தன. நீர்வண்ணத்தின் மென்மை நாற்றத்தைக் காட்டாது. மூட்டையின் எடையைக் காட்டாது. பின்சந்தின் இருளைக்கூட இனிய நீலமாக்கிவிடும். அன்று அங்கே வாழ்ந்தவர் ஒருவர் இவ்வோவியத்தைக் கண்டு, 'எங்கள் தெரு இவ்வளவு அழகாக இல்லையே' என்று கூறினால் அக்கூற்று நியாயமானதே.

இதற்கு மறுமொழி ஓரளவிற்கே உண்டு. ஓவியத்தை வாழ்க்கைநிலை பற்றிய சான்றாகக் கொண்டால் எதிர்வாதம் வெல்கிறது. பொழுதின் சான்றாகக் கொண்டால் நிலைமை வேறு. இந்தச் சுவரில் இந்தக் காலையில் வெயில் இவ்வாறு விழுந்தது, அதன்கீழ் இவ்வாறு ஒருவர் குனிந்து நின்றார் என்னும் அளவில் அது உண்மை. வறியவர் வாழ்ந்த தெருவிலும் காலை வெயில் விழுந்தது. அதனைக் காணத்தக்கதாக ஒருவர் கருதினார் என்பதும் அத்தெருவின் வரலாற்றுள் சேரும். ஆனால் அது முழு வரலாறு ஆகாது. எடையையும் நாற்றத்தையும் கூலியையும் அறிய, வாய்மொழி வரலாறும் ஆவணங்களும் நிழற்படங்களும் தேவை. ஓவியத்திடம் அதனால் தரவியலாததைக் கேட்டு ஏமாறுவதும், அது தந்ததையே எல்லாம் என்று மயங்குவதும் ஆய்வாளர் தவிர்க்க வேண்டிய இருவேறு பிழைகள்.

9. முடிவுரை

இவ்வாய்வின்வழிப் பெறப்பட்ட முடிபுகள் வருமாறு:

அ) நிலநடுக்கோட்டு நிலத்தில் பெரும்பொழுது பின்தள்ளப்பட, ஓங் கிம் செங்கின் தெருக்காட்சிகளில் சிறுபொழுது ஒன்றே காலத்தைச் சுமக்கிறது. நீர்வண்ணத்தின் செய்முறையும் ஓய்வுநாளில் இடத்திற்குச் சென்று தீட்டும் மரபும் இதற்குக் காரணங்கள்.

ஆ) கடைவீடும் ஐந்தடிப்பாதையும் கருப்பொருள்களாக மட்டும் நில்லாமல் ஓவியத்தின் ஒளிநிழல் அமைப்பையே வகுக்கின்றன.

இ) மாந்தரின் முகமின்மை, அகத்திணையின் பெயர் சுட்டா மரபை ஓரளவு ஒத்தது. கூற்று இன்மையால் அவ்வொப்புமை முழுமை பெறுவதில்லை.

ஈ) கூற்று இல்லாத காரணத்தால் ஓவியத்தின் உரிப்பொருள் காண்பவரின் காலத்தோடு மாறுகிறது. இன்று உணரப்படும் பிரிவு, 1970களிலும் 1980களிலும் நிகழ்ந்த இடமாற்றங்களால் பின்னர் வந்து சேர்ந்தது. ஆதலின் 'நினைவேக்கம்' என்னும் பொதுச்சொல்லால் இவ்வோவியங்களை விளக்குவது போதாது. ஒவ்வோர் ஓவியத்தின் ஆண்டும் அவ்வாசிப்பின் முதற்படியாக வேண்டும்.

திணைக் கோட்பாடு தன் நிலத்திற்கு வெளியே சென்றபோது இரண்டு இடங்களில் தடுமாறியது: பெரும்பொழுது இல்லாத இடத்திலும், கூற்று இல்லாத இடத்திலும். அவ்விரண்டு இடங்களிலேயே ஓவியங்களைப் பற்றிய புதிய செய்திகளும் கிடைத்தன. சிங்கப்பூர், மலேசிய நகரத்தெருக்களைப் பாடிய தமிழ்க் கவிதைகளையும் புனைகதைகளையும் இந்நீர்வண்ணக் காட்சிகளோடு ஆண்டு வாரியாக வைத்து ஒப்பிட்டால், ஓவியத்தில் குரல் இழந்து நிற்கும் மாந்தர் எழுத்தில் என்ன பேசினர் என்பதை அறியலாம். அவ்வொப்பீடு தனி ஆய்வுக்கு உரியது.